அறுநூற்றுப் பதினொன்று

முடிவு வந்தபோது மணி ஒன்பது ஐந்துதான்.
லொரேட்டா வானெக் வீட்டுச் சமையலறையில்
காபி இன்னும் வடிந்துகொண்டிருந்தது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டுக்கு
அறுநூற்றுப் பதினொன்று.
டெல்மர் ஒரு காகித உறையின் பின்னால்
கழித்துப் பார்த்தான், மறுபடி கழித்தான்,
தவறு கணக்கில்தான் இருக்குமென்பதுபோல.
யெசீனியா வாசலிலேயே ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு
இறைச்சி ஆலைக்கு, இரவு ஷிப்டுக்குக் கிளம்பினாள்.
யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.
"சனிக்கிழமை பலகையெல்லாம் பிடுங்கணும்" என்றாள்,
அவ்வளவுதான்.

பிடுங்கினோம்.
நெப்ராஸ்காவில் நவம்பர் கடைசியில்
மண் இரும்பாகிவிடும்.
கம்பிக்கால்கள் வளைந்துதான் வெளியே வந்தன.
சிலவற்றின்மேல் டிராக்டர் ஏறியிருந்தது.
ஒன்றில் லொரேட்டாவுக்கு மீசை வரைந்திருந்தார்கள்.
எடுப்பாகவே இருந்தது.
அவள் அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

நாங்கள் கேட்டது பெரிதில்லை:
கிணற்றுத் தண்ணீரை மாவட்டச் செலவில் சோதிக்க வேண்டும்.
சோளத்துக்குப் போட்ட உரம்
மண்ணுக்குள் மெல்ல இறங்கி, வருஷங்கள் கழித்து
பால்புட்டிக்குள் ஏறுகிறது என்றோம்.
ஆனால் அங்கே சோளம்தான் சம்பளம்,
சோளம்தான் தேவாலயத்தின் புதுக்கூரை.
சோளத்தைக் குறை சொன்னவளுக்கு
யார் போடுவார்கள் ஓட்டு?

அறுநூற்றுப் பதினோரு பேர் போட்டார்கள்.
யார் யாரென்று இன்றுவரை தெரியாது.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
பதினாறு வருஷமாக எந்தத் திருப்பத்தில் யார் வீடு,
எந்தப் பிள்ளைக்கு எப்போதும் ஒரு கையுறை தொலையும்,
எல்லாம் அத்துப்படி என்றிருந்தேன்.
கதவுவரைதான் தெரிந்திருக்கிறது.
தட்டிய பிறகு தெரிந்தவை
ஒரு ஷூ டப்பாவில், அட்டை அட்டையாக:

*காது கேளாது. சமையலறை ஜன்னலைத் தட்டு.*
*நாய் கடிக்காது, வாத்து கடிக்கும்.*
*அந்தக் கட்சிதான். ஆனாலும் உட்காரச் சொன்னார்.*
*மகன் ராணுவத்தில். அரசியல் வேண்டாம், ஆப்பிள் மரத்தைப் பற்றிக் கேள்.*
*ராய் ஸ்ட்ரூப். இல்லை. இல்லை. கதவைச் சாத்தினார்.*

வென்றவர் எந்தக் கதவையும் தட்டவில்லை.
அவருக்கு அவசியம் இருக்கவில்லை.
அதனால் அவரிடம் டப்பாவும் இல்லை.

பிரசாரத் தொலைபேசிக்கு மார்ச் வரை கட்டியிருந்தோம்.
பணம் திரும்பி வராது என்றார்கள்;
டெல்மர் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான்,
இறந்தவர் கைக்கடிகாரத்தை வைத்திருப்பதுபோல.
ஜனவரியில், பனிப்புயலுக்கு மறுநாள், அது அடித்தது.

"நான் உங்களுக்குப் போடல."
"தெரியும், மிஸ்டர் ஸ்ட்ரூப்."
"திரும்பி நின்னாலும் போடமாட்டேன்."
"சரி."
நெடுநேரம் வெறும் காற்றுச் சத்தம்.
"மருமகளுக்கு ஆறு மாசம்.
அந்தச் சின்ன பாட்டில்... இன்னும் இருக்கா?"

இருந்தது. கராஜில், தோற்ற துண்டறிக்கைகளுக்கு அடியில்
ஒரு பெட்டி நிறைய.
சோதனைக்கூடத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு டாலர்.
யார் கொடுப்பதென்று எங்களுக்குள் சண்டை வந்தது,
தேர்தலின்போதுகூட அப்படிக் கத்திக்கொண்டதில்லை.
கடைசியில் மீசைப் பலகையை ஏலம் விட்டோம்.
லொரேட்டாவே எடுத்தாள்.

பத்துக்குள் இருக்க வேண்டியது
இருபத்தேழு இருந்தது.
ஸ்ட்ரூப் காகிதத்தை மடித்தார், விரித்தார், மடித்தார்.
நன்றி சொல்லவில்லை.
மூன்று வீடுகளின் பெயரைச் சொன்னார்.
"உங்க பேரைச் சொன்னா திறக்கமாட்டாங்க.
நான் அனுப்பினேன்னு சொல்லுங்க."

டெல்மர் வண்டியிலேயே அட்டையை எடுத்து
*சாத்தினார்* என்பதற்குக் கீழே
பென்சிலால் எதையோ எழுதினான்,
நான் எட்டிப் பார்க்கவில்லை.
சாலையில் பனி வாரும் வண்டி இன்னும் வந்திருக்கவில்லை.

முதல் பெயர் வாத்து வீடு.
கையுறைகளை மாட்டிக்கொண்டோம்.